ரத்னவேல் மாற்று ஆளான விதம்

மாற்றுக் கவனிப்பு ஆயத்த மன்றத்தின் கூட்ட அறையில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு.

மேசையின் தலைப்பக்கம் தலைவர் திரு ஸ்ரீநாத். அவருக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, தலைவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தலைவராக வேண்டியவர். வலப்பக்கம் திட்ட அதிகாரி வித்யா, அவர் முதுகுக்குப் பின்னால் வித்யாவுக்கு மாற்று. இடப்பக்கம் ஒத்திகை அதிகாரி அசோக், அவருக்குப் பின்னால் அசோக்குக்கு மாற்று. கதவோரம் குறிப்பெடுப்பவர். குறிப்பெடுப்பவருக்கு மாற்று மட்டும் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அறை தீப்பிடித்தால் இரண்டு குறிப்பும் ஒன்றாக எரிந்துவிடக் கூடாது என்பது ஏற்பாடு. ஜன்னலோரம் ஊதா ரிப்பன் கட்டிய ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் 'வர இயலாத பராமரிப்பாளர்' என்று ஓர் அட்டை. மேசையின் கோடியில், ஏர்கான் காற்று நேராக மண்டையில் இறங்குகிற இடத்தில், ரத்னவேல். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அதைப் பற்றிப் பேசத்தான் அவரை வரச் சொல்லியிருந்தார்கள்.

அவர் மனைவி ரஞ்சிதத்துக்கு நாற்காலி போடவில்லை. மறதி நோயாளிகளைக் கூட்டத்துக்கு அழைத்து வரக் கூடாது என்று அழைப்புக் கடிதத்தின் ஆறாவது பத்தி சொல்லியிருந்தது. அவர்களை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று எந்தப் பத்தியும் சொல்லவில்லை. ரத்னவேல் செம்பவாங் கப்பல் பட்டறையின் சாமான் கிடங்கில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்தவர். எந்தக் கடிதத்தையும் மூன்று தடவை படிப்பார். இதை நான்காவது தடவையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மனைவியைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

ரஞ்சிதம் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். காலியாக இருந்தது ஒரே நாற்காலி. போய் உட்கார்ந்து, ரிப்பனை அவிழ்த்து, ஒழுங்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அது வர முடியாதவங்களுக்கு ஒதுக்கினது மா" என்றார் வித்யா.

"நான்தான் வந்துட்டேனே" என்றாள் ரஞ்சிதம்.

குறிப்பெடுப்பவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் திரும்பித் தன் மாற்றைப் பார்த்தார். மாற்றுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. எனவே கூட்டம் தொடங்கியது.

மரபுப்படி, வர இயலாத பராமரிப்பாளர்களுக்காக ஒரு நிமிட மௌனம். எல்லோரும் எழுந்து நாற்காலியைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். ரஞ்சிதத்துக்கு ஒரே கூச்சமாகப் போய்விட்டது. "பரவால்ல, உக்காருங்க, உக்காருங்க" என்று கையை அசைத்தாள். யாரும் உட்காரவில்லை. இன்னும் நாற்பது வினாடி பாக்கி இருந்தது.

பிறகு தலைவர் பேசினார். "நமது மன்றத்தின் நோக்கம் ஒன்றே. மறதி நோயாளியைக் கவனிப்பவர் திடீரென்று விழுந்துவிட்டால் அடுத்து யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது. இந்த நான்கு ஆண்டுகளில் ஒரே ஓர் அவசர அழைப்புகூட நமக்கு வந்ததில்லை. இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன? வெளியிலிருந்து குறை சொல்கிறவர்கள், அவசரத்தில் மாட்டிக்கொண்டவர்களால் நம் விண்ணப்பப் பாரத்தை நிரப்பி அழைக்க முடியவில்லை என்கிறார்கள். நான் கேட்கிறேன், பாரம் நிரப்ப நேரமில்லாதவர் எப்படி ஆயத்தமானவர் ஆவார்?"

அதிகாரிகள் தலையாட்டினார்கள். ஒரு நொடி கழித்து மாற்றுகளும் தலையாட்டினார்கள்.

ரத்னவேலின் முறை வந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எண் போட்டு எழுதியிருந்ததை வாசித்தார். ஒன்று, தன் இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்றில் அடைப்பு. இரண்டு, இன்னும் நாலு வாரத்தில், இருபத்து நான்காம் தேதி, பைபாஸ் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று, வீட்டில் ரஞ்சிதத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று இந்த மன்றத்தின் சான்று கொடுத்தால்தான் ஆஸ்பத்திரி தன்னைச் சேர்த்துக்கொள்ளும். நான்கு, பிள்ளைகள் இல்லை. ஐந்து, வேலைக்கு வந்த இரண்டு பணிப்பெண்களையும் ரஞ்சிதம் திருடிகள் என்று விரட்டிவிட்டாள்.

வித்யா பேனாவைக் கீழே வைத்தார். "சார், ஆறு வருஷமா நீங்க தனியாத்தான் பார்த்துக்கிறீங்க. இதுவரைக்கும் மாற்று கேக்கல. திடீர்னு இப்ப ஏன் சார்?"

"இப்பத்தான் மா அடைச்சிருக்கு."

"அவசரம்னா ஆறு வாரத்துக்கு முன்னாடியே தெரிவிக்கணும் சார். நீங்க நாலு வாரத்துல வந்திருக்கீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "வேற ஏதும் காரணம் இல்லையே? சில பேரு இப்படித்தான் சார், ஆபரேஷன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. திரும்பி வர மாட்டாங்க."

திரும்பி வராமல் போகக் கூடிய இன்னொரு வழியைப் பற்றித்தான் ரத்னவேலும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் குறிப்பில் ஏறிவிடும் என்று தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம். இத்தனை பேர் இவ்வளவு அன்பாகப் பேசுவதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு வெள்ளை வேன் நிற்கிறது. தனக்கு ஆள் இல்லை என்று எழுத்தில் உறுதியானதும், அந்த வேன் தாங்கள் குடியிருக்கும் பஃபலோ ரோடு அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே வரும்; ரஞ்சிதத்தை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விடும். கதவோரம் இருந்தவர் எழுதுவதைவிட, வெளியே முக்காலியில் இருந்தவர் எழுதுவதுதான் அவருக்கு அதிகம் பயமாக இருந்தது.

முப்பத்தோரு பக்க பாரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் 'இன்றைய சேவை எப்படி' என்று கேட்கும் திரையில் சிரிப்பு முதல் கோபம் வரை ஐந்து முகப் படங்கள் இருந்தன. அவர் எதையும் தொடவில்லை. ரஞ்சிதம் ஐந்தையும் தொட்டாள்.

பாரத்தை நிரப்ப மூன்று சாயங்காலம் பிடித்தது. முதல் மாற்றாக, எதிர்வீட்டு மைமூன் பெயரை எழுதினார். மைமூனுக்கு அறுபது வயது. தேக்கா சந்தையில் துணி தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தவள், முழங்கால் வலியால் நிறுத்திவிட்டாள். தினமும் ஐந்து மணிக்கு ஒரு தட்டில் குவே பலகாரம் வைத்துக்கொண்டு வருவாள். ரஞ்சிதத்துக்குத் தன் கணவர் பெயர் சென்ற வருடமே நினைவிலிருந்து போய்விட்டது. மைமூன் பெயர் மட்டும் போகவில்லை. இதிலும் ரத்னவேலுக்கு ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. எதிர்வீட்டுக்காரி எதற்காகத் தினமும் வர வேண்டும்? அதற்கு அந்த பாரத்தில் கேள்வி இல்லாததால் அவரும் பதில் எழுதவில்லை.

பதினேழாம் பக்கத்தில், 'நோயாளியை அமைதிப்படுத்தக் கூடிய, அவருக்கு மிகவும் பிடித்த பொருள்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா நின்றது. பிடித்த பொருளைக் காட்டித்தானே வேனில் ஏற்றுவார்கள்? வெகு நேரம் யோசித்துவிட்டு, ரஞ்சிதத்துக்கு வாடையே ஆகாத ஒரு பழத்தைத் தேர்ந்தெடுத்துத் தெளிவான கையெழுத்தில் எழுதினார். 'டுரியான்.'

ஐந்தாம் நாள் வித்யா போன் செய்தார்.

"சார், முதல் மாற்று ரிஜெக்ட் ஆயிடுச்சு. அவங்க உங்க எதிர்வீடு. பக்கத்துல இருந்தா ரிஸ்க் சார். லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னா ரெண்டு பேருமே மாட்டிக்குவீங்க."

"லிஃப்ட் எதுக்கு மா? ரெண்டு வீடும் ஒரே மாடிதானே? நாலு எட்டு வச்சா வந்துடுவாங்க."

"அது உங்க அனுபவம் சார். நான் சொல்றது கைட்லைன். வேற பிளாக்கா இருக்கணும், ஆனா பத்து நிமிஷத்துல வரணும்."

"தெம்பனிஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், இராமசாமின்னு. என்கூட பட்டறையில வேலை பார்த்தவர்."

"தெம்பனிஸ் தூரம் சார். எவ்ளோ வயசு?"

"எண்பத்தொண்ணு."

"அவருக்கு மாற்று இருக்காங்களா?"

ரத்னவேல் மறுநாளே ஒரு கடிதம் எழுதினார். பதினொரு அம்சங்கள். நான்கு எட்டு என்பதை அளந்து, மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று ஏழாவது அம்சத்தில் குறித்திருந்தார். மன்றத்திலிருந்து பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, நன்றி. ஆனால் அது தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று தாங்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எனவே அதே கருத்துள்ள மாற்றுக் கடிதம் ஒன்றை வேறொருவர் கையெழுத்தில் அனுப்பவும். மைமூன் உட்கார்ந்து பதினொரு அம்சத்தையும் பார்த்து எழுதினாள். "ஸ்கூல்ல இம்போசிஷன் எழுதுனதுக்கு அப்புறம் இப்பத்தான் அண்ணே எழுதுறேன்" என்றாள். கடைசியில் மன்றம் மனம் இரங்கியது. ஒத்திகையில் தேறினால் மைமூனை ஏற்பது பற்றி யோசிக்கலாம்.

ஒத்திகை சனிக்கிழமை மூன்று மணிக்கு. ஆபரேஷனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

அசோக் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, கழுத்தில் நிறுத்துக் கடிகாரத்துடன் வந்தார். பின்னால் அவருடைய மாற்று இன்னொரு கடிகாரத்துடன். மாற்றின் கையில் ஒரு பெரிய டப்பா இருந்தது. ரத்னவேலுக்குக் கதவைத் திறக்கும்போதே வாடை வந்துவிட்டது.

"நோயாளிக்குப் பிடிச்சதுன்னு எழுதியிருந்தீங்களே சார், அதான்" என்றார் அசோக் பெருமையோடு. "மூசாங் கிங் டுரியான். ஃபர்ஸ்ட் கிளாஸ் லா."

வேண்டாம் என்று சொன்னால் பாரத்தில் பொய் எழுதியது வெளியாகிவிடும். ரத்னவேல், "ரொம்ப நல்லது" என்றார்.

அவர் கழுத்தில் 'செயலிழந்த பராமரிப்பாளர்' என்ற அட்டையை மாட்டினார்கள். கூடத்தில் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். கண்ணை மூட வேண்டும், பேசக் கூடாது. டப்பாவைத் திறந்து ரஞ்சிதத்தின் மூக்குக்கு நேராக வைத்தார்கள். கடிகாரங்கள் ஓடத் தொடங்கின.

ரஞ்சிதம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டு வந்து, அவர் தலையைத் தூக்கி அடியில் செருகினாள். பிறகு, எழுத்து அட்டையில் எதையோ குறித்துக்கொண்டிருந்த அசோக்கைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். "சத்தம் போடாதீங்க. அந்த ஆளு தூங்குறார்."

அசோக் தன் மாற்றிடம் கிசுகிசுத்தார். "நோயாளி பராமரிப்பாளரைக் கவனிச்சுக்கிட்டாங்க. இதுக்குப் பாரத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ மைனஸ் போடு."

மல்லாக்கப் படுத்த ரத்னவேலுக்கு உண்மையாகவே நெஞ்சில் ஒரு கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. இடது கை மரத்துக்கொண்டு வந்தது. அட்டையை விலக்கிவிட்டு, "தம்பி, எனக்கு நெஞ்சு வலிக்குது" என்றார்.

"சார், ப்ளீஸ். சீன்ல நெஞ்சு வலி இல்ல. உங்களுக்கு மயக்கம் மட்டும்தான்."

"நெஜமாவே வலிக்குது தம்பி."

"எல்லாரும் அப்படித்தான் சார் ஓவரா போயிடுவாங்க. இன்னும் நாலு நிமிஷம்."

இந்த நேரத்தில்தான், இன்னும் யாரும் அழைக்காதபோதே, மைமூன் வந்துவிட்டாள். விதிப்படி அவளுக்கு அழைப்பு ஏழாவது நிமிடத்தில் போக வேண்டும். எதிர்வீடு வரைக்கும் வாடை போனதால் மூன்றாவது நிமிடத்திலேயே வந்து நின்றாள். ஒரு பார்வை பார்த்தாள். மாற்றின் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கித் தாழ்வாரத்துக் கோடியில் இருந்த குப்பைக் குழாயில் தள்ளினாள். ரத்னவேலின் சட்டைப்பையில் கையை விட்டு, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்து அவர் வாயில் திணித்தாள். ஃபேனை வேகமாகச் சுற்றவிட்டாள். ரஞ்சிதத்தின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"பைத்தியம் புடிச்சிருச்சா உங்களுக்கெல்லாம்? மனுஷன் மூஞ்சி வெளுத்துப் போய்க் கெடக்குறார், நீங்க வாட்ச் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!"

"அக்கா, நீங்க இன்னும் வரவே கூடாது" என்றார் அசோக். "உங்களுக்கு விஷயமே இன்னும் தெரியாது."

"எனக்குக் கண்ணு தெரியும் லா!"

கல் மெதுவாக இறங்கியது. ரத்னவேல் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அசோக் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பகுதிக்கு வந்தார். மன்றத்தின் உயிர்நாடியே இந்தப் பகுதிதான் என்று அவர் விளக்கினார். நோயாளியின் குரலே இறுதியானது. உறவினர் சொல்வதையோ காகிதங்கள் சொல்வதையோ வைத்து மன்றம் முடிவு செய்வதில்லை. நோயாளியிடம் நேரே கேட்கும். குனிந்து, சிறு பிள்ளையிடம் பேசுகிற குரலில் கேட்டார். "அம்மா, உங்களை யாரும்மா பார்த்துக்கிறாங்க?"

ரஞ்சிதம் யோசிக்கவே இல்லை. "மைமூன்."

"இவரு?"

ரஞ்சிதம் சுவரோரம் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வையில் பகை இல்லை. எச்சரிக்கை மட்டும் இருந்தது. "இந்த ஆளு அடிக்கடி வர்றார். நல்ல மாதிரியாத்தான் இருக்கார். ஆனா சாவியெல்லாம் அவர்கிட்ட இருக்கு. இன்னைக்கு அந்த நாத்தம் புடிச்சதும் இவரு வந்தப்பத்தான் வந்துச்சு."

இரண்டு கடிகாரங்களும் நின்றன. அசோக் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார். மாற்றும் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை முடிவு வந்தது. ரத்னவேல் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

'ஒன்று: திருமதி ரஞ்சிதத்தின் முதன்மைப் பராமரிப்பாளர் திருமதி மைமூன் என மன்றம் கண்டறிந்துள்ளது. இரண்டு: திரு ரத்னவேல் மாற்று ஆளாக ஏற்கப்படுகிறார். மூன்று: நோயாளியுடன் மாற்று ஆளின் தொடர்பு, அடிக்கடி வந்து போகிறவர். நான்கு: மாற்று ஆள் நோயாளியின் வீட்டிலேயே தங்குவது வழிகாட்டு நெறிக்குப் புறம்பானது என்றாலும், கருணை அடிப்படையில் ஆறு மாதங்களுக்கு அனுமதிக்கப்படுகிறது.'

உடனே வித்யாவுக்குப் போன் செய்தார்.

"நான் அவளோட வீட்டுக்காரர் மா. முப்பத்தெட்டு வருஷம்."

"அது மேரேஜ் சார். நாங்க கேர் மட்டும்தான் பார்க்கிறோம்."

"இந்த வீடு என் பேர்ல இருக்கு. என் வீட்ல நான் தங்க ஆறு மாசம் பர்மிஷனா?"

"நீட்டிக்கலாம் சார், கவலைப்படாதீங்க. ஃபார்ம் இருக்கு."

"நான் அப்பீல் பண்ணணும்."

"தாராளமா. பன்னிரண்டு வாரம் ஆகும். அது முடியிற வரைக்கும் நீங்க பழையபடி முதன்மையாவே இருக்கலாம்."

"ஆபரேஷன் அடுத்த வாரம் மா."

"முதன்மைன்னா ஆபரேஷனுக்கு எங்க சான்று வேணும் சார். சான்றுக்கு மாற்று வேணும். அதான் இல்லையே."

ரத்னவேல் கடிதத்தின் இரண்டாவது அம்சத்தின் மேல் விரலை வைத்தார். கிடங்கில் வேலை பார்த்த காலத்தில், இரண்டு பேரேடுகள் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில் அவர் இப்படித்தான் விரலை வைப்பார். "சரி மா. நான் மாற்றாவே இருந்துட்டா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள். அவருடைய மாற்றாக இருக்க வேண்டும். "மாற்று ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எந்தச் சான்றும் வேண்டாம் சார். மாற்று எங்க போனா என்ன? அதான் முதன்மை இருக்காங்களே. முடிவை ஏத்துக்கிறேன்னு ஒரு கடிதம் மட்டும் கையெழுத்தோட தபால்ல அனுப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்கு நாங்களே சொல்லிடுவோம்."

இவ்வளவு சுலபமாக ஒரு கதவு திறந்தால் ரத்னவேலுக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டால், ரஞ்சிதத்துக்குத் தான் யாரும் இல்லை என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்ததாக ஆகும். நாளைக்கு வேன் வந்து நின்றால் எந்த முகத்தோடு மறிப்பது? வந்து போகிறவருக்கு என்ன உரிமை? கையெழுத்துப் போடாவிட்டால் நெஞ்சு எத்தனை நாளைக்குத் தாங்கும்? அது நின்ற மறுநாளும் அதே வேன்தான்.

ஐந்து மணிக்கு மைமூன் குவே தட்டோடு வந்தாள். ரத்னவேல் கடிதத்தைக் காட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "அட, எனக்குப் பிரமோஷன்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "மைமூன், ஒண்ணு கேக்குறேன். தப்பா நெனைக்காத. நீ எதுக்கு தெனமும் இங்க வர்ற?"

அவள் தட்டை மேசையில் வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள். "ஓ. இப்ப என் மேலயும் சந்தேகமா?"

"அப்படி இல்ல…"

"அப்படித்தான் அண்ணே. ஆறு வருஷமா நீங்க யாரையும் நம்பல. அந்த வேலைக்காரப் பொண்ணுங்களை ரஞ்சிக்கா மட்டுமா விரட்டுனாங்க? நீங்க அவங்க பைய செக் பண்ணுனது எனக்குத் தெரியாதா?" மைமூன் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எதுக்கு வர்றேன்னு கேட்டீங்கல்ல? எம் மவன் ஜூரோங்ல இருக்கான். மாசத்துக்கு ஒரு தடவை வருவான், ஃபோனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான், போயிருவான். இங்க வந்தா ரஞ்சிக்கா ஒரே கதையைப் பத்து தடவை சொல்றாங்க, பத்து தடவையும் என் மூஞ்சியப் பார்த்துச் சொல்றாங்க. எனக்குச் சாயங்காலம் பேச ஆள் வேணும் லா. போதுமா?"

ரத்னவேல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "வேன் வந்துடும்னு பயமா இருக்கு மைமூன்."

"எந்த வேன்?"

"அவளைக் கொண்டு போற வேன். நான் ஆஸ்பத்திரியில கெடக்கும்போது வந்துட்டா?"

மைமூன் கடிதத்தை எடுத்து, முதல் அம்சத்தின் மேல் விரலால் தட்டினாள். "வந்தா யாரைக் கேக்கணும்? உங்களையா? நீங்கதான் வந்து போற ஆளாச்சே. என்னைத்தான் கேக்கணும். நான் முடியாதுன்னு சொல்லிக் கதவைச் சாத்திருவேன். அவங்க பேப்பர்லயே நான்தான் பெரிய ஆளு. இதைக் காட்டுனா அந்த மஞ்சச் சட்டை என்ன பண்ணுவான்?"

ரத்னவேல் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தார். இந்த முறை எங்கே ஓட்டை என்று தேடவில்லை. எங்கே பிடிமானம் என்று தேடினார். முதல் அம்சத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு காகிதம் எழுதினார். ஒன்று மைமூனுக்கு. ஏழு பக்கம் வந்தது. ரஞ்சிதத்துக்குக் கோப்பியில் எத்தனை கரண்டிச் சர்க்கரை, குளிக்க மறுத்தால் எந்தப் பாட்டைத் தொடங்கிவிட வேண்டும், கதவைத் தட்டிக்கொண்டு வெளியே போகணும் என்று அடம்பிடித்தால் பிளாக்கின் கீழ்த்தளத்து வெளியான வாய்ட் டெக் வரைக்கும் கூட்டிப்போய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தால் போதும், தன் வீடு என்று தானாகவே உள்ளே வந்துவிடுவாள் என்பது, இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பது. மன்றத்தின் முப்பத்தோரு பக்கத்தில் இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை. மடித்து மைமூன் கையில் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது மன்றத்துக்கு. மூன்று அம்சங்கள். 'ஒன்று, முடிவை ஏற்கிறேன். இரண்டு, முதன்மைப் பராமரிப்பாளர் திருமதி மைமூனின் அனுமதியில்லாமல் நோயாளியை யாரும் எங்கும் அழைத்துச் செல்லக் கூடாது என்பதைப் பதிவு செய்யக் கோருகிறேன். மூன்று, மேற்படி நோயாளியுடன் என் தொடர்பு…'

அங்கே பேனா நின்றது.

ரஞ்சிதம் வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பது அவளுக்கு இன்னும் போகவில்லை. "யாருக்கு லெட்டர்?"

"ஒரு ஆபீசுக்கு. நான் ஒரு வாரம் வெளியில தங்கணும். அதான்."

அவள் கண்ணைச் சுருக்கினாள். "போனா திரும்பி வருவீங்களா?"

"வருவேன்."

"எப்படி நம்புறது? எல்லாரும் வருவேன்னுதான் சொல்றாங்க." கதவைத் திரும்பிப் பார்த்தாள். "வந்தா பெல் அடிங்க. நான் உடனே தெறக்க மாட்டேன், யாருன்னு கேப்பேன். பேரைச் சொல்லணும். உங்க பேரு என்ன?"

"ரத்னவேல்."

"ரத்னவேல்" என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "சரி. அந்தப் பேரைச் சொன்னா தெறக்குறேன். வேற யாரு வந்தாலும் தெறக்க மாட்டேன்."

ரத்னவேல் கோடிட்ட இடத்தில், 'அடிக்கடி வந்து போகிறவர்' என்று தன் கையாலேயே எழுதினார். எழுதிவிட்டுப் பக்கத்தில், மன்றம் கேட்காத இரண்டு சொற்களைச் சேர்த்தார்: 'திரும்பி வருவார்.' கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், உறையில் வைத்து ஒட்டினார், ஸ்டாம்பை நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒட்டினார்.

கீழே போகும்போது ரஞ்சிதமும் கூடவே வந்தாள். வழியில் ஓடிவிடுவார் என்ற சந்தேகத்தில் அவர் மணிக்கட்டை விரல் பதியும்படி இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் பிடியைத் தளர்த்தவில்லை. பிளாக்குக்குக் கீழே இருந்த தபால் பெட்டியின் வாயில் மற்றக் கையால் உறையை நுழைத்து, அது அடியில் விழும் சத்தம் கேட்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.